கன்று வீச்சு

1

ஊரிலிருந்து என் தங்கை பேசினால் என்னை விசாரிப்பதற்கு முன்பு மாடுகளைத்தான் விசாரிப்பாள். "இப்ப எத்தனை உருப்படிக்கா நிக்குது?" என்பாள். "பதினொண்ணு" என்பேன். ஒன்றரை வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னக்கா இது, ஒண்ணுகூடவா கன்னு போடல? எப்பக் கேட்டாலும் பதினொண்ணுங்கற?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஒன்றுகூட இல்லை. கொட்டகையும் இல்லை. கொட்டகை நின்ற இடத்தில் எஸ்டேட்காரர்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். மாடுகள் போய்விட்டன என்று மட்டும் ஊருக்குச் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. ஏன் போயின என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். தங்கையும் படிக்கட்டும்.

நான் துறையூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மலாய் நாட்டுக்கு, இந்த நெகிரி செம்பிலானுக்கு வந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. கணவர் மணியம் இங்கேயே பிறந்தவர். கோலா பிலாவிலிருந்து அரை மணி நேரம் உள்ளே போனால் எங்கள் எஸ்டேட். அவருடைய அப்பா காலத்தில் ரப்பர் மரம், இப்போது செம்பனை. மணியம் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறார்.

வந்த புதிதில் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு மாதம் ஒரு முறையாவது போக வேண்டியிருக்கும். ஒரு தடவை கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் என் தொழில் என்ன என்று கேட்டாள். இல்லத்தரசிக்கு மலாயில் 'சூரி ரூமா' என்று சொல்ல வேண்டும் என்று மணியம் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போயிருந்தார். நான் போய் நின்று 'சுசு ரூமா' என்றேன். வீட்டுப் பால் என்று அர்த்தம். அந்தப் பெண் பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். இன்றுவரை என் அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்புதான். கணவருக்கும் மகளுக்கும் நீலம்.

ஆனால் அடுத்த வருஷமே நான் பால்காரியாகிவிட்டேன். ஒரே ஒரு பசு வாங்கினோம். செம்பனை அடியில் புல் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கும். மாடு மேய்ந்தால் களைக்கு மருந்து அடிக்கும் வேலை குறைகிறது என்று எஸ்டேட்டிலும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ஒன்று பதினொன்றாகியது. ஏழு வீட்டுக்குப் பால் கொடுத்தேன்.

2

எங்களுக்கு ஒரே மகள், ஹேமா. ஆட்கள் பட்டணத்துக்குப் போய் எஸ்டேட் காலியானதும் எங்கள் தமிழ்ப்பள்ளியை மூடிவிட்டார்கள். அதனால் அவள் மலாய்ப் பள்ளியில் படித்தாள். தமிழ் அவளுக்கு என் வாயிலிருந்து வந்ததுதான். நான் வாய் திறந்து பேசிய இடம் பெரும்பாலும் கொட்டகை. மூன்று வயதில் பசியெடுத்தால், "ம்மா, எனக்குத் தீவனம்" என்பாள். ஊருக்குப் போன் போட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவளுக்கு மாட்டு டாக்டராக வேண்டும். பத்து வயதிலிருந்து அதே பேச்சு. ஆறாம் படிவம், நம் ஊர்ப் பன்னிரண்டாவது மாதிரி, முடித்து விண்ணப்பம் போட்டாள். நேர்முகத் தேர்வுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "டிப்ளோமா பண்ணிட்டுத் திரும்ப அப்ளை பண்றேன்" என்றாள். நீலாயில் ஒரு தனியார் கல்லூரியில் கால்நடை நலம் படிக்கச் சேர்ந்தாள். எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தால்தான் இரண்டாவது தடவையாவது திரும்பிப் பார்ப்பார்களாம்.

ஆறு பெண்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை. வகுப்பு முடிந்ததும் ஒரு செல்லப்பிராணிக் கடையில் பூனை குளிப்பாட்டும் வேலை. முழங்கை வரைக்கும் நகக்கீறல். சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக மாட்டின் பக்கத்தில் போய் நின்று, அதன் மேலேயே விரலை வைத்து எலும்புகளின் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்காது. நடுவில் நான் ஏதாவது கேட்டால், "டிஸ்டர்ப் பண்ணாதீங்கம்மா" என்பாள். என்னைவிட மாட்டோடுதான் அதிகம் ஒட்டினாள். எனக்கு அதில் பெருமைதான் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வரும். நான் கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பேன், நுரையோடு, மடிச்சூடு ஆறாமல். எங்கள் அப்பா அப்படித்தான் குடிப்பார். "அதுல கிருமி இருக்கும்மா" என்று ஹேமா கத்துவாள். "இந்த மடியில குடிச்சுத்தான் நீ வளந்த" என்பேன்.

3

பக்கத்து வீட்டில் சரசு என்று ஒரு பெண் இருந்தாள். சுங்கை காடுட்டில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் கேட்டில் வந்து நிற்கும். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து ஒருவழியாகத் தரித்தது. என் தங்கைக்கே கரு நின்றது போலத்தான் எனக்கு இருந்தது. தினமும் முதல் பசுவின் பாலைக் கறந்த சூட்டோடு கொண்டுபோய், நான் நின்று பார்க்கக் குடிக்க வைத்துவிட்டுத்தான், காய்ச்சிக் குடிக்கும் மற்ற வீடுகளுக்கு ஊற்றப் போவேன்.

"வாடை அடிக்குதுக்கா. நான் அப்புறமாக் காய்ச்சிக் குடிச்சுக்கிறேன்லா" என்பாள், இங்கே எல்லாரும் பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா'வோடு.

"காச்சினா சத்தெல்லாம் போயிரும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரே மடக்கா இழு" என்பேன்.

குடிப்பாள். நான் தலையைத் தடவிக்கொடுப்பேன்.

ஐந்தாம் மாதம், தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, தொழிற்சாலையில் நின்ற நிலையிலேயே அவளுக்கு உதிரம் போயிற்று. பிள்ளை தங்கவில்லை. ஆண் குழந்தை என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை நான்தான் குளிப்பாட்டினேன். பத்தியச் சோறு பொங்கிப்போட்டேன். உடம்பு தேற வேண்டும் என்று மறுபடி பால் கொடுக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை இரண்டு வேளை.

தை கழிந்து எங்கள் செவலைப் பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது, குறைமாதத்தில் செத்து விழுந்தது. பதினைந்தே நாளில் இன்னொன்று. நான் வெறுங்கையால் எடுத்துச் செம்பனை அடியில் புதைத்தேன். அப்போது ஹேமாவுக்குச் செய்முறைப் பயிற்சி. மாவட்டத்துக் கால்நடை அலுவலகத்தில் நான்கு மாதம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறினாள்.

"கிளவ்ஸ் போட்டீங்களா?"

"எதுக்கு?"

"அதைத் தொட்ட கையோடயா பால் கறந்தீங்க?"

"கழுவிட்டுத்தாண்டி."

மறுநாள் காலை அலுவலக வண்டியில் டாக்டர் அசிசாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மணியத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒன்னைப் படிக்க வெச்சது இந்த மாடுங்கதான் பாப்பா. ஆபீஸ் ஆளைக் கூட்டியாந்தா என்னா நடக்கும்னு ஒனக்குத் தெரியும்தானே?" என்றார்.

"தெரியும்பா" என்றாள் ஹேமா.

வாலைத் தூக்கி அடியில் ஊசி போட்டு இரத்தம் எடுக்க வேண்டும். டாக்டர் முதல் மாட்டில் காட்டிக்கொடுத்தார். மீதிப் பத்து மாட்டிலும் ஹேமாவே எடுத்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, உங்கள் மகள் நல்ல டாக்டராக வருவாள் என்று மலாயில் சொன்னார். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளே குளிர்ந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

4

பதினொன்றில் ஏழுக்கு இருந்தது. ஊரில் கன்று வீச்சு நோய் என்போமே, அதுதான். மாட்டுக்கு மருந்து கிடையாது. பிடித்துக்கொண்டு போய் வெட்டிவிடுவார்கள். அரசாங்கச் சட்டம்.

முடிவு வருவதற்கு முன்னால், "ரத்த டியூப்பை மாத்த முடியாதா ஹேமா? ஆபீஸ்ல நீதானே இருக்க?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைத் தங்கை நம்ப மாட்டாள். காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஒங்களுக்கு எத்தனை மாசமாச் சாயந்திரமானா காய்ச்சல் வருது?" என்றாள்.

கார்த்திகையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சாயந்திரம் குளிர்காய்ச்சல், விடிந்தால் துணி நனைந்த வேர்வை. முட்டி, இடுப்பு எல்லாம் வலி. கிளினிக்கில் இரண்டு தடவை டெங்கிக்குப் பார்த்தார்கள். இல்லை என்றதும் வயசு என்றார்கள்.

ஹேமா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காய்ச்சாத பால் குடிப்பதுண்டா என்று கேட்ட டாக்டருக்கு எனக்கு முன்பே, "தினமும்" என்று பதில் சொன்னாள். இரத்தத்தில் இருந்தது. ஆறு வாரத்துக்கு இரண்டு வகை மாத்திரை. ஒரு மாத்திரைக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். கழிவறையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் சரசுவின் நினைப்பு வரும். அந்த நினைப்பைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

மாடு பிடிக்க லாரி வந்த நாளில் மணியம் வேண்டுமென்றே வேலைக்குப் போய்விட்டார். லாரியோடு வந்த ஆட்கள் கூப்பிட்டதற்கு மாடுகள் செம்பனைக்குள் இன்னும் உள்ளே போயின. டாக்டர் அசிசா தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "அக்கா, நீங்க கூப்பிட முடியுமா?" என்று மலாயில் கேட்டார். ஹேமா ரப்பர் பூட்ஸ் போட்டுக் கையில் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "கூப்பிடுங்கம்மா. இவங்க அடிச்சு ஓட்டுவாங்க" என்றாள்.

"பா... பா..." என்றேன். பதினொன்றும் வந்தன.

ஏழையும் பிரித்து ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஹேமா காதில் மாட்டிய வில்லையின் எண்ணைப் படித்துப் படித்துப் பட்டியலில் அடித்தாள். கடைசியாகச் செவலை. பலகையில் கால் வைக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக் கத்தியது. ஹேமா பட்டியலை டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் போய் வாலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். செவலை ஏறிவிட்டது. அந்த முறுக்கை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மீதி நான்கையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. நோய் வந்த சேதி மேனேஜர் காதுக்குப் போய், இனி எஸ்டேட்டுக்குள் மாடு கூடாது என்று கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் கொட்டகையைப் பிரித்தார்கள்.

5

"சரசு அக்காகிட்ட சொல்லணும்" என்று ஹேமா அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

நான் சம்மதிக்கவில்லை. இரத்தச்சோகை மாதிரி தெரிகிறது, இரத்தம் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றேன். எதற்கு என்று சொல்லாமல் போனால் ஆஸ்பத்திரியில் இதைச் சோதிக்கமாட்டார்கள் என்றாள் அவள். "அவங்க மறுபடி பிள்ளைக்கு டிரை பண்றாங்கம்மா. இன்னொண்ணும் போச்சுன்னா?" ஆனாலும் சொல்ல வேண்டாம் என்றுதான் மனசு சொல்லிற்று. சரசுவின் பிள்ளை போனதைவிட, அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சரசு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஹேமா முன்னால் போனாள், நான் பின்னால்.

"பசியாறியாச்சா?" என்றாள் சரசு. இங்கே காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்பார்கள்.

"அக்கா, எங்க மாட்டுக்கு வந்த சீக்கு பால் வழியா மனுஷருக்கும் வரும். அம்மாவுக்கு வந்திருக்கு. நீங்களும் டெஸ்ட் எடுக்கணும்." ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்ததற்கு வார்த்தை தேடினாள். தேடி எடுத்தாள். "தீபாவளி டைம்ல ஒங்களுக்குக் கன்னு வீசினது... அதுகூட இதனால இருக்கலாம்."

சரசு கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். பிறகுதான் திரும்பினாள்.

"கன்னா?"

ஹேமாவுக்கு என்ன பிழை என்று விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"என் புள்ளையக் கன்னுங்கிறா ஒங்க மவ" என்று சரசு என்னிடம் சொன்னாள்.

"அவளுக்குத் தமிழ் தெரியாது சரசு, அவ..." என்று நான் குறுக்கே விழுந்தேன். தமிழைப் பற்றியே இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க முடியாதா என்று இருந்தது. ஆனால் சரசு சொல்லைத் தாண்டிப் பொருளுக்கு வந்துவிட்டாள். முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வாடை அடிக்குதுன்னு சொன்னேன்ல அக்கா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "காய்ச்சிக் குடிக்கிறேன்னு சொன்னேன்ல? நீங்கதானே மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடின்னீங்க?"

நான் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தேன்.

"நீங்க ஊத்தின பாலு. அது செத்தப்புறமும் ரெண்டு வேளை ஊத்தினீங்க."

ஹேமா ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நீட்டினாள். சரசு வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது ஹேமாவைத் திட்டினேன். மனுஷிக்குக் கன்று வீசும் என்று எவளாவது சொல்வாளா, கரு கலைந்தது என்று சொல்லத் தெரியாதா என்று கத்தினேன். "மலாய்ல மாட்டுக்கும் மனுஷருக்கும் ஒரே வார்த்தைதான்மா. 'கெகுகுரான்'. தமிழ்ல வேற வேற இருக்குன்னு எனக்கு யார் சொன்னா?" என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

சோதனையில் சரசுவுக்கும் அந்த நோய் இருந்தது. பிள்ளை அதனால்தான் போயிற்றா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தின் பலன் எனக்குக் கிடைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. மாத்திரை முடிவதற்குள் அவளும் கணவனும் சுங்கை காடுட்டில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். லாரியில் சாமான் ஏறும்போது நான் சன்னலருகில் நின்றேன். என் வீட்டுப் பக்கம் அவள் திரும்பவில்லை.

6

ஹேமாவுக்கு இரண்டாவது தடவை இடம் கிடைத்துவிட்டது. மாட்டு டாக்டர் படிப்பு, ஐந்து வருஷம். சேதி வந்த அன்று மணியம் லாரியை வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். ஊருக்குப் போன் போட்டேன். தங்கை அழுதாள்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம், ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று. நேர்முகத் தேர்வில் எல்லாக் கேள்வியும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் வந்ததாம். அதில் என்ன எழுதினாய், படித்துச் சொல் என்றேன். வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. போனைத் திறந்து, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"படிக்காத தோட்டத்துப் பொண்ணான என் அம்மா, தெரியாம, மாசமா இருந்த ஒருத்தவங்களுக்குச் சீக்கைக் கொடுத்தாங்க..."

"நான் பன்னெண்டாவது பாஸ்" என்றேன்.

"தெரியும்மா."

"அப்புறம்?"

"படிச்சவங்க எதுக்குப் பச்சைப் பாலைக் கொடுத்தாங்கன்னு கேப்பாங்க. இப்படி எழுதினாத்தான் அவங்களுக்குப் புரியும்."

சரசுவின் எட்டு வருஷம், ஐந்தாம் மாதம், எல்லாம் அதில் இருந்தது. பெயர் மட்டும் இல்லை. எனக்குள்ளே என்னவோ புகுந்துகொண்டது. "சரசு புள்ளையக் காட்டி சீட்டு வாங்கிட்ட" என்றேன்.

"பால் கொடுத்தது நீங்க. நான் எழுதினேன், அவ்வளவுதான்லா" என்றாள்.

அறைந்தேன். அவள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டாள். சேர்க்கைக்குப் போகும்வரை இருவரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டோம். சோறு, துணி, பஸ் நேரம்.

7

இப்போது மாதம் ஒரு தடவை வருகிறாள். போன மாதம் வந்தவள் பட்டுப்புடவை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டாள். எங்கே என்றதும், "சரசு அக்காவுக்கு வளைகாப்பு" என்றாள். ஏழு மாதம். எனக்குத் தெரியாது. தரித்த நாளிலிருந்து சரசு இவளிடம்தான் போனில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடலாம் என்று.

"என்னைக் கூப்பிடலையா?"

"இல்லம்மா. நீங்க வர வேணாம்."

போனேன். அழைக்காத வீட்டுக்குப் போகக் கூடாது என்று தெரிந்துதான் போனேன். விடியற்காலையில் எழுந்து பால் பாயசம் காய்ச்சி, மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்துக்கொண்டேன். ஹேமா ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன்.

சுங்கை காடுட்டில் வரிசை வீடு. கூடம் நிறைய பெண்கள். சரசு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முழங்கை வரைக்கும் வளையல். என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கக்கா" என்றாள். வேறு யாரையும் போலத்தான் சொன்னாள். ஹேமாவைக் கைநீட்டிக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

என் முறை வந்தது. கன்னத்தில் சந்தனம் பூசினேன். கையைக் கொடுத்தாள், வளையல் போட்டேன். விரல் சில்லென்று இருந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு வாய் ஊட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் மூடியைத் திறந்து ஒரு கரண்டி பாயசத்தை எடுத்து அவள் வாயருகில் கொண்டுபோனேன்.

சரசு வாயைத் திறக்கவில்லை. கழுத்தைத் திருப்பி, "ஹேமா, இது சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

என் மகள் எட்டிப் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னா பால் ஊத்தினீங்க?"

"டின் பாலு" என்றேன்.

"காய்ச்சினீங்களா?"

"காச்சினேன்."

"எவ்வளவு நேரம்?"

அத்தனை பெண்களுக்கு நடுவில், நீட்டிய கரண்டியோடு, "நல்லாப் பொங்கப் பொங்க ரெண்டு தடவை" என்று என் மகளுக்குச் சொன்னேன்.

ஹேமா சரசுவைப் பார்த்துத் தலையாட்டினாள். சரசு வாயைத் திறந்தாள்.